மேற்கோள் காத்த தமிழ்

பிறர் பொருளைக் கடனாகப் பெறுகின்றவனுக்குக் கடமைகள் இரண்டு. பெற்ற பொருளைச் சிதையாமல் வைத்திருத்தல் ஒன்று. யாரிடம் பெற்றான் என்பதை மறவாதிருத்தல் மற்றொன்று. பொன்னுக்கும் நெல்லுக்கும் உரிய இந்நெறி சொல்லுக்கும் உரியதே. பிறர் கூறிய சொல்லை நம் கட்டுரையில் எடுத்தாளும்போது அதனை உள்ளது உள்ளவாறே தருதல் வேண்டும். அஃது இன்னாருடையது, இன்ன நூலில் இன்ன இடத்தில் உள்ளது என்று சுட்டுதலும் வேண்டும். இதனையே மேற்கோள் காட்டும் முறை என்கிறோம்.

மாணவ நேயர்களே, இம்முறையைப் பற்றிய பேச்சு எழுந்தாலே உங்களுள் பலருக்குச் சோர்வு தோன்றுவதை நான் அறிவேன். இரட்டைக் குறி எங்கே, ஒற்றைக் குறி எங்கே, அடிக்குறிப்பில் ஆசிரியர் பெயர் முன்னோ, நூற்பெயர் முன்னோ என்னும் கேள்விகள் எல்லாம் மதிப்பெண் இடுவோர் வகுத்த கெடுபிடிகள் என்றே தோன்றும். ஆனால் நம் இலக்கிய வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் வேறொரு செய்தி விளங்கும். மேற்கோள் செம்மையாகக் காட்டப்பட்டமையால் அழிவினின்று மீண்ட தமிழ் நூல்கள் உண்டு. அரைகுறையாகக் காட்டப்பட்டமையால் மீளாமலே போன நூல்களும் உண்டு. அந்த வரலாற்றின் சில பகுதிகளையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘மேற்கோள்’ என்பதற்குப் பழைய தருக்க நூல்களில் வேறு பொருள் இருந்தது. ஒருவன் தான் நிறுவுவதற்கு எடுத்துக்கொண்ட கொள்கைக்கே அங்கு மேற்கோள் என்று பெயர். அதற்குரிய காரணம் ஏது எனப்பட்டது. உவமையாகக் காட்டும் பொருள் எடுத்துக்காட்டு எனப்பட்டது. நாளடைவில், கொள்கையைத் தாங்குவதற்காக எடுத்துக் காட்டும் முன்னோர் கூற்றையே மேற்கோள் என்று வழங்கலாயினர். இப்பெயர் மாற்றத்தில் ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது. நிறுவவேண்டிய கொள்கை ஒன்று இருந்தால்தான் பிறர் சொல்லை அழைப்பதற்குப் பொருள் உண்டு. கொள்கை இல்லாத கட்டுரையில் மேற்கோள்கள் குவிந்திருந்தால் அது சாட்சிகள் மட்டும் வந்து நிற்க வழக்காளி வராத வழக்கைப் போன்றது.

முன்னோர் சொல்லை எடுத்தாள்வதைத் தமிழ் இலக்கணிகள் இழுக்காகக் கருதியதில்லை. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்த புலவர்கள் இவ்வாறு கூறுவர் என்று இடந்தோறும் சுட்டிச் செல்கிறார். முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர் சொற்களையும் அப்படியே போற்றி எடுத்துக்கொள்ளுதல் தகும் என்பது நன்னூலார் கொள்கை. எனவே கடன் வாங்குதல் குற்றமன்று. கடனை மறைத்தலே குற்றம்.

கடனை மறைக்காமல் அறிவிப்பதற்கு நல்லதொரு சான்று நான் குடியிருக்கும் பகுதியிலேயே இருக்கிறது. பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில் போரூரை அடுத்திருப்பது எங்கள் ஐயப்பன்தாங்கல். அங்கிருந்து சில கல் தொலைவில் உள்ளது குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியார், அடியார் வரலாறுகளைத் தாமே புதிதாகக் கண்டு சொன்னதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சுந்தரர் 11 பாட்டுகளில் பாடிய திருத்தொண்டத் தொகையும், அதனை வகுத்துரைத்த நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியும் தம் நூலுக்கு அடிப்படை என்பதை அவரே நூலின் தொடக்கப் பகுதியில் வெளிப்படையாக அறிவிக்கிறார். முன்னது தொகை, அடுத்தது வகை, தம்முடையது விரி என்பது மரபு.

இவ்வளவோடு அவர் அமையவில்லை. பெரியபுராணத்தில் சருக்கங்கள் 13. முதலிலும் இறுதியிலும் உள்ள இரண்டை நீக்கினால் எஞ்சுபவை 11. அந்தப் பதினொன்றும் சுந்தரரின் 11 பாட்டுகளுக்கு ஒன்றுக்கு ஒன்றாக அமைந்தவை. ஒவ்வொரு சருக்கத்துக்கும் உரிய பாட்டின் தொடக்கச் சொற்களே பெயர். தில்லைவாழ் அந்தணர் சருக்கம், இலைமலிந்த சருக்கம் என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தவையே. நூலை எந்த இடத்தில் திறந்தாலும், இந்தப் பகுதி சுந்தரரின் எந்தப் பாட்டிலிருந்து விரிந்தது என்பதைத் தலைப்பே சொல்லிவிடும். இக்காலத்து ஆய்வாளர் பக்கத்தின் அடியில் எழுதுவதைச் சேக்கிழார் பகுதியின் தலையிலேயே எழுதி வைத்தார்.

ஓலையில் மட்டுமன்றிக் கல்லிலும் இந்நெறி போற்றப்பட்டது. 10-ஆம் நூற்றாண்டில் சோழ அரசியார் செம்பியன் மாதேவியார் பல கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்தார். அவற்றுள் ஒன்று தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கோடிகாவல். பழைய கோயிலைச் சார்ந்து கிடந்த கற்களில் முன்னோர் செய்த அறங்களைக் கூறும் கல்வெட்டுகள் இருந்தன. புதிய கோயிலின் சுவரில் அவற்றைப் படியெடுத்து வெட்டச் செய்தபோது, இவை பழைய கல்லின் படி என்று அறிவிக்கும் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. ‘பழங்கற்படி’ என்னும் அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய குழப்பத்தை எண்ணிப் பாருங்கள். எழுத்தின் வடிவம் ஒரு காலத்தது. செய்தியில் வரும் அரசனோ அதற்கு முற்பட்டவன். வரலாற்றாசிரியர் இரண்டையும் இணைக்க இயலாமல் இடர்ப்பட்டிருப்பர். மேற்கோள் குறி அச்சுப் பொறியோடு வந்தது உண்மைதான். ஆனால் அக்குறியின் கருத்து நம் கோயிற் சுவர்களில் அதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தது.

அச்சுக்கு முன் தமிழில் மேற்கோளுக்குத் தனிக் குறி இல்லாமற் போனதற்கு மொழியின் இயல்பும் ஒரு காரணம். பிறர் கூற்று முடிந்தது என்பதைக் காட்ட நம்மிடம் ‘என’ என்றும் ‘என்று’ என்றும் சொற்கள் உண்டு. கூற்று எங்கே முடிகிறது என்பதை அச்சொல் தெளிவாக அறிவித்துவிடும். ஆனால் எங்கே தொடங்குகிறது என்பதை அறிவிக்க அத்தகைய சொல் இல்லை. நேரில் பேசும்போது குரலின் மாற்றம் அதனைக் காட்டிவிடும். ஓலையிலோ குரல் இல்லை. ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். பாட்டும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். உரைக்கு நடுவே மேற்கோள் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்கே தனிப் புலமை வேண்டியிருந்தது.

மேலை நாட்டிலும் நிலைமை நெடுங்காலம் வேறாக இல்லை. பழைய கிரேக்க ஏடுகளில் குறிக்கத்தக்க வரிகளுக்கு எதிரே ஓரத்தில் அம்புமுனை போன்ற அடையாளம் இடுவார்கள். கிறித்தவ எழுத்தர் மறைநூல் வாசகங்களைச் சுட்ட அதனைப் பயன்படுத்தினர். அச்சுத் தொழில் வந்தபின் 16-ஆம் நூற்றாண்டு முதல் அந்த ஓர அடையாளம் மெல்ல மெல்ல வரிக்குள் நுழைந்து இன்றைய மேற்கோள் குறியாக வளர்ந்தது. தமிழ் அச்சிலும் குறியீடுகள் ஐரோப்பியர் தொடர்பால் வந்தவையே. 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றைப் பயன்படுத்தி வழக்கிற்குக் கொண்டுவந்தார். குறி புதியதாக இருக்கலாம். அது தீர்த்துவைத்த இடர் நம்முடைய பழைய இடரே.

இனி, மேற்கோளால் வாழ்ந்த நூல்களையும் மாண்ட நூல்களையும் காண்போம். எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள ‘தாங்கல்’ என்பது தொண்டை நாட்டில் சிறிய ஏரிக்கு வழங்கும் பெயர். ஓடிவரும் மழைநீரைத் தாங்கி நிறுத்துவது அது. தமிழில் உரையாசிரியர்கள் செய்த பணியும் அத்தகையது. ஓடி மறைந்திருக்கவேண்டிய எத்தனையோ பாட்டுகளைத் தம் உரைகளில் அவர்கள் தாங்கி வைத்தார்கள். ஆனால் எல்லாத் தாங்கல்களும் ஒரே அளவு நீரைத் தாங்குவதில்லை.

கல்லூரி மாணவர் சிலர் தம் கட்டுரைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. ஒருமுறை ஒருவர், “ஐயா, எல்லாரும் அறிந்த பாட்டுத்தானே? முதல் இரண்டு சொல்லைக் கொடுத்தால் போதாதா?” என்று கேட்டார். அவருக்கு நான் குண்டலகேசியின் கதையைச் சொன்னேன்.

குண்டலகேசி ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. நாதகுத்தனார் பாடிய பௌத்த காப்பியம். அதனை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் விரிவான உரை எழுதினார். மறுப்பு நூலுக்கு உரை காண்பவர், மறுக்கப்படும் நூலின் பாட்டுகளைக் காட்டவேண்டும் அன்றோ? வாமன முனிவரும் காட்டினார். ஆனால் பல இடங்களில் குண்டலகேசிப் பாட்டின் தொடக்கச் சொற்களை மட்டும் கொடுத்து, மேலே சென்றுவிட்டார். அவர் காலத்தில் அது போதுமானதாகவே இருந்தது. குண்டலகேசி கையில் இருந்தது. கற்றோர் நெஞ்சிலும் இருந்தது. முதற்குறிப்பைக் கண்டவுடன் முழுப்பாட்டும் நினைவுக்கு வந்துவிடும்.

காலம் மாறியது. குண்டலகேசி மறைந்தது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-இல் நீலகேசியை உரையுடன் அச்சிட்டபோது, உடலை இழந்த தலைகளாய் அந்த முதற்குறிப்புகள் வரிசையாக நின்றன. இப்படித் தொடங்கும் பாட்டு ஒன்று இருந்தது என்பதை இன்று நாம் அறிவோம்; அப்பாட்டு என்ன சொன்னது என்பதை அறியோம். முழுப்பாட்டாகவே எழுதி வைத்திருந்தால் ஒரு காப்பியத்தின் பெரும்பகுதியை அதன் பகைநூலே காப்பாற்றிக் கொடுத்திருக்கும். வாமன முனிவரை நான் குறை கூறவில்லை. ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறுவது எளிய வேலையன்று. சொற்சுருக்கம் அக்காலத்தின் தேவை. ஆயினும் ‘எல்லாரும் அறிந்தது’ என்பதற்கு ஆயுள் மிகக் குறைவு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இரண்டாவது வகை, பாட்டை முழுதும் தந்து பெயரைச் சொல்லாமல் விடுதல். இதன் விளைவைத் தம் வாழ்நாள் முழுவதும் அனுபவித்தவர் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர். 1880-இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் அவர் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். அந்நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் எண்ணற்ற மேற்கோள்கள் வருகின்றன. ஆனால் அவை எந்நூலைச் சேர்ந்தவை என்ற குறிப்பு பெரும்பாலும் இல்லை. பிறரும் இவ்வாறு கூறினார் என்ற அளவிலேயே உரைகாரர் நின்றுவிடுகிறார். யார் அந்தப் பிறர்? எந்த நூலில் கூறினார்? பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அச்சேறாத காலம் அது. ஐயர் ஏடுகளைத் தேடி எடுத்துப் படித்துச் செல்கையில், நச்சினார்க்கினியர் காட்டிய மேற்கோள்கள் சங்க நூல்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படலாயின. பெயரில்லாத அந்த மேற்கோள்களே அவரை மறைந்து கிடந்த சங்க இலக்கியத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றன என்று சொல்லலாம். சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

எல்லா மேற்கோள்களுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. எவ்வளவு தேடியும் இருப்பிடம் தெரியாதவை பல எஞ்சின. அவற்றை ஐயர் என்ன செய்தார் என்பதுதான் மாணவர்கள் மனத்தில் இருத்தவேண்டிய செய்தி. தெரியாததை மறைத்து அவர் ஒதுக்கிவிடவில்லை. ஊகித்து ஒரு நூற்பெயரை இட்டு நிரப்பவும் இல்லை. தம் பதிப்பின் இறுதியில் ‘விளங்கா மேற்கோளகராதி’ என்று தனிப்பகுதி அமைத்து அவற்றை அகரவரிசையில் அடுக்கி வைத்தார். இன்னும் இடம் தெரியாதவை இவை. கண்டவர் கூறுக என்று பின்வரும் தலைமுறைக்கு விடுத்த அழைப்பு அது. தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாதது என்றும் பிரித்து வைப்பதே ஆராய்ச்சியாளனின் முதல் ஒழுக்கம்.

மூன்றாவது வகை, நூலின் பெயரைச் சொல்லி இடத்தைச் சொல்லாமல் விடுதல். பதிற்றுப்பத்து சேர மன்னர் பதின்மரைப் பற்றிப் பப்பத்துப் பாட்டாக அமைந்த நூல். அதில் முதற் பத்தும் இறுதிப் பத்தும் கிடைக்கவில்லை. தொல்காப்பிய உரையிலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும் அம்மறைந்த பகுதியைச் சார்ந்தவை எனக் கருதத்தக்க சில பாட்டுகள் கிடைத்தன. அவை முதற் பத்தைச் சேர்ந்தவையா, பத்தாம் பத்தைச் சேர்ந்தவையா? சொல்வார் இல்லை. பதிப்பாசிரியர் அவற்றை நூலின் உள்ளே அமைக்க இயலாமல் இறுதியில் தனியே வைக்க நேர்ந்தது. ஊர்ப் பெயரை எழுதித் தெருப் பெயரை எழுதாத கடிதம் ஊர் வரையில் வந்து சேரும். வீட்டு வாயிலுக்கு வராது.

நான்காவது வகையே செம்மையானது. பாட்டை முழுதும் தந்து, நூலின் பெயரையும் தருதல். சற்றுமுன் குறித்த புறத்திரட்டு இவ்வகைக்குச் சிறந்த சான்று. ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர், பல நூல்களிலிருந்து பாட்டுகளைத் தெரிந்தெடுத்துப் பொருள்வாரியாக அடுக்கினார். தம் பெயரை எழுதிவைக்காத அந்தப் பெரியார், எடுத்த பாட்டுகளுக்கு அவை எந்நூலைச் சேர்ந்தவை என்பதை எழுதி வைத்தார். பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை 1938-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அந்நூலைப் பதிப்பித்தார்.

அந்த ஒரு தொகைநூல் செய்த உதவி கொஞ்சமன்று. சேர சோழ பாண்டியரைப் பாடும் முத்தொள்ளாயிரம் முழுநூலாக எங்கும் கிடைக்கவில்லை. புறத்திரட்டில் மட்டும் 108 பாட்டுகள் இருக்கின்றன. இன்று நாம் முத்தொள்ளாயிரம் என்று படித்து மகிழ்வது பெரும்பாலும் அவற்றையே. தகடூர் யாத்திரையின் பாட்டுகளும் இவ்வாறே மீண்டன. முதற்குறிப்புகளாய் நின்ற குண்டலகேசிக்கும் 19 முழுப் பாட்டுகளை அதுவே அளித்தது. வளையாபதி என்னும் காப்பியத்தில் இன்று எஞ்சியுள்ள 72 பாட்டுகளில் பெரும்பகுதி புறத்திரட்டு தந்ததே. ஏனையவை உரைகளால் கிடைத்தவை. வளையாபதியின் ஏட்டைத் திருவாவடுதுறை மடத்தில் இளமையில் தாம் கண்டதாகவும், பழைய நூல்களில் நாட்டம் பிறந்த பின்னர்த் தேடியபோது அது அகப்படவில்லை என்றும் சாமிநாதையர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஏடு போயிற்று, பெயர் சொல்லி எடுத்த மேற்கோள் நின்றது.

பாண்டிக்கோவையின் வரலாறு இன்னும் வியப்பானது. இறையனார் அகப்பொருளுரை, அகத்துறைகளுக்கு எடுத்துக்காட்டாக அந்நூலின் பாட்டுகளை முந்நூறுக்கும் மேலாக எடுத்துக் காட்டியது. அவ்வுரையைச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1883-இல் அச்சிட்டார். பிற்காலத்தார் அதிலுள்ள பாட்டுகளைத் திரட்டிப் பாண்டிக்கோவையைத் தனிநூலாகவே அமைத்துவிட்டனர். இவ்வாறே யாப்பருங்கல விருத்தியுரை, காக்கைபாடினியம், அவிநயம் முதலிய மறைந்த இலக்கண நூல்களின் நூற்பாக்களைத் தாங்கி நிற்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், தமக்குத் துணையாக இருந்த இசை நாடக நூல்களை ஆசிரியர் பெயரோடு குறித்தார். அவற்றுள் ஒன்று அறிவனார் இயற்றிய பஞ்சமரபு. நூற்றாண்டுகளுக்குப் பின் 1970-களில் பஞ்சமரபு ஏட்டினின்று அச்சேறியபோது, அதன் பெருமையை உணர்வதற்கு அடியார்க்குநல்லாரின் குறிப்பே விளக்காக நின்றது.

மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்றொரு நூல் எழுதினார். பழைய உரைகளில் சிதறிக் கிடக்கும் மேற்கோள்களையும் குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து, பெயரளவில் எஞ்சிய நூல்களுக்கு அவர் எடுத்த கணக்கு அது. மேற்கோள் என்பது வெறும் அலங்காரம் என்று கருதும் மாணவர் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே பாட்டை இரண்டு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும்போது ஒரு சொல் வேறுபட்டு நிற்பதைப் பலமுறை காண்கிறோம். இருவரும் நினைவிலிருந்து எழுதியிருக்கலாம்; இருவர் கையிலும் இருந்த ஏடுகள் வேறுபட்டிருக்கலாம். எப்படியாயினும் பதிப்பாசிரியருக்கு ஒவ்வொரு மேற்கோளும் ஒரு சாட்சி. சாட்சி தன் வாக்கைத் தானே திருத்திக்கொண்டு பேசினால் நீதிமன்றம் என்ன செய்யும்? ஆகவே, மூலத்தில் பிழைபோலத் தோன்றும் சொல்லையும் நாமாகத் திருத்துதல் ஆகாது. உள்ளவாறே எழுதி, நம் ஐயத்தைத் தனியே குறித்தல் வேண்டும்.

இவ்வரலாற்றைக் கண்டபின், மேற்கோள் முறையின் விதிகள் தாமே பொருள் விளங்கி நிற்கும். மூலத்தின் சொற்களை அப்படியே எடுத்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுக. எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஏடு படித்தவர் இடர்ப்பட்டதை நினைத்துக்கொள்க. மேற்கோளுக்குள் வேறொருவர் கூற்று வந்தால் அதற்கு ஒற்றைக் குறி இடுக. இருவர் குரலும் அப்போது கலவா. நீண்ட பகுதியாயின் தனிப்பத்தியாக, இடப்புறம் சற்று உள்தள்ளி எழுதுக; அங்கே வடிவமே குறியாக நிற்பதால் மேற்கோள் குறி வேண்டுவதில்லை. இடையில் சில சொற்களை விட்டால் மூன்று புள்ளி இடுக. விட்டது பொருளை மாற்றாதிருக்கவேண்டும். விளக்கத்துக்காக ஒரு சொல்லை நீங்கள் சேர்த்தால் அதனைச் சதுர அடைப்புக்குள் இடுக. அது உங்களுடையது என்று படிப்பவர் அறிவர். கருத்தை மட்டும் எடுத்து உங்கள் சொல்லில் எழுதினால் குறி வேண்டா. ஆனால் யாருடைய கருத்து என்ற குறிப்பு அங்கும் வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். சொல்லை மாற்றிவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறார்கள்.

இடம் சுட்டுவதில் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறிப்பர். இவற்றின் முறைவைப்பு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சிறிது மாறலாம். எம்முறையை மேற்கொண்டாலும் கட்டுரை முழுவதும் அதனையே பின்பற்றுதல் முறை. பழந்தமிழ்ச் செய்யுளுக்குப் பக்கத்தைவிடப் பாட்டெண்ணும் அடியெண்ணும் சிறந்தவை. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். புறநானூற்றின் பாட்டெண் மாறாது. சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியும் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்து பாருங்கள். 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அப்பெருநூல், சொற்பொருளுக்குச் சான்றான நூலிடங்களைச் சுருக்கக் குறியீட்டாலும் எண்ணாலும் காட்டுகிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்த மாணவனும் மூலத்தை அடைந்து, அகராதி கூறியது சரியா என்று தானே ஆராய்ந்துகொள்ளலாம். சான்றிடம் காட்டுவதன் உயர்ந்த நோக்கம் இதுவே. “என்னை நம்பு” என்று சொல்லாமல், “நீயே சென்று பார்” என்று சொல்லுதல்.

எண் கொடுப்பதிலும் விழிப்பு வேண்டும். திருக்குறளில் 1330 குறட்பாக்களுக்கு வரிசை எண் உண்டு. அவ்வெண்ணே போதும் என்று நினைப்போம். ஆனால் அதிகாரத்துக்குள் குறட்பாக்களின் வரிசை மணக்குடவர் உரையில் ஒருவாறும், பரிமேலழகர் உரையில் வேறொருவாறும் அமைந்திருக்கிறது. நாம் இன்று வழங்கும் எண்கள் பரிமேலழகர் வைப்பைத் தழுவியவை. ஆகவே மணக்குடவர் உரையை ஆராயும் மாணவன், எவருடைய வரிசையைத் தான் பின்பற்றுகிறான் என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் கடமை.

இன்று கணிப்பொறியும் கைப்பேசியும் சொல்லை ஒரு நொடியில் உலகெங்கும் பரப்புகின்றன. வள்ளுவர் சொல்லாதது வள்ளுவர் பெயராலும், பாரதியார் பாடாதது பாரதியார் பெயராலும் உலவுவதைக் காண்கிறோம். பழைய உரையாசிரியர் காலத்தில் சொல் இருந்தது, பெயர் இல்லை. இக்காலத்தில் பெயர் இருக்கிறது, சொல் அவருடையதன்று. முன்னதைவிடப் பின்னது கொடியது. பெயரில்லாத மேற்கோளுக்கு என்றாவது ஒருநாள் இடம் விளங்கலாம். பொய்ப்பெயர் இட்ட மேற்கோளோ தேடுவோரை வழிதவறச் செய்யும். அன்றியும், இன்று திரையில் கண்ட பக்கம் நாளை அங்கே இல்லாமற் போகலாம். ஆதலின், அத்தகைய இடத்திலிருந்து எடுத்ததைக் கண்ட நாளோடு குறித்து வைத்தலும், இயன்றவரையில் மூலநூலைத் தேடிச்சென்று ஒப்பிட்டுப் பார்த்தலும் இன்றியமையாதவை.

மாணவ நண்பர்களே, வாமன முனிவர் தம் உரையை எழுதியபோது குண்டலகேசி மறையும் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார். புறத்திரட்டைத் தொகுத்தவரும் தம் ஏடுதான் முத்தொள்ளாயிரத்துக்குப் புகலிடமாகும் என்று எண்ணியிருக்கமாட்டார். இருவரும் தத்தம் பணியைச் செய்தனர். ஒருவர் சுருக்கினார், ஒருவர் முழுதும் எழுதிப் பெயரும் இட்டார். வேறுபாடு எழுத்தாணியின் சில கீறல்களே. அச்சில கீறல்களால் பிற்காலத்துக்கு விளைந்த பேறும் இழப்பும் எத்தகையவை என்பதைக் கண்டோம். நீங்கள் அடுத்த முறை ஒரு கட்டுரை எழுதும்போது, எடுத்தாண்ட வரியை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் கீழே நூற்பெயரும் எண்ணும் எழுதுங்கள். அதற்குச் செலவாவது ஒரு நிமிடம்.